ஓம் முதலாளி

அவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. வாயைத் திறந்தால் ‘ஓம்’தான். பாதிக் கேள்வியிலேயே ‘ஓம்’ வந்துவிடும், மீதிக் கேள்வியைக் கேட்கிறவர் தன் திருப்திக்காகத்தான் கேட்டு முடிக்க வேண்டும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆனால் ஓலைத்தொடுவாயில் அவரை ‘ஓம் முதலாளி’ என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு முன்னால் சொல்லியிருந்தாலும் “ஓம், சொல்லுங்கோ” என்றுதான் திரும்பியிருப்பார். கோபப்படவும் தெரியாத மனிசன்.

நான் அவருடைய மீன் லொறியில் ஐஸ் போடுகிறவனாக வேலை செய்தேன். சண்டைக்காலம் அது. கரைக்கு வருகிற மீனைப் பெட்டிகளில் அடுக்கி, ஐஸ் போட்டு, மன்னாரிலிருந்து கொழும்புச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி வேலை. ஆனால் வழி நெடுகச் சென்றி, ஆமியின் சோதனைச்சாவடிகள். ஒவ்வொரு சென்றியிலும் ஆமிக்காரன் பெட்டி முழுவதையும் இறக்கச் சொல்லுவான், திறந்து காட்டச் சொல்லுவான், பிறகு ஏற்றச் சொல்லுவான். அந்த வெயிலில் ஐஸ் கண்ணுக்கு முன்னாலேயே தண்ணீராக ஓடும். ஆகவே எவ்வளவு ஐஸ் இருக்கிறதோ அவ்வளவு மீன்தான் ஏற்றலாம். இது கரையில் சிப்பி பொறுக்குகிற பிள்ளைக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்?

லொறி நிரம்பிவிட்டது, ஐஸும் முடிந்துவிட்டது என்று நான் பின்கதவைச் சாத்தப் போவேன். அந்த நேரம் பார்த்து யாராவது ஓடிவருவார்கள்.

“முதலாளி, என்ர ரெண்டு பெட்டி கும்பிளா மீன் கிடக்கு. ஏத்துறியளோ?”

“ஓம், ஏத்துங்கோ.”

“முதலாளி, ஐஸ் காணாது, இவ்வளவுக்கும் போதாது” என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்.

“காணும் தம்பி, காணும். கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் போடு. பாவம், அதுவும் பிள்ளைகுட்டிக்காரி.”

அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு அந்தப் ‘பாவம்’தான். ஒரு ஆளுக்கு இல்லை என்றிருந்தால் மற்றவர்களின் மீனாவது தப்பியிருக்கும். இவர் எல்லோருக்கும் ஓம் என்று சொல்லி எல்லோருடைய மீனையும் நாறவைத்தார். கொழும்பில் மீன் வாங்குகிறவர் பெட்டியைத் திறந்ததும் என்னைத்தான் கூப்பிடுவார். ஒரு மீனை எடுத்துச் செவுளை விரித்து, என் மூக்குக்கு நேரே பிடித்து, “இத நீ தின்னுவியா?” என்று கேட்பார். முதலாளி அந்த நேரம் லொறியின் முன்சீட்டில் இருந்து, தொலையாத எதையோ தேடிக்கொண்டிருப்பார். திரும்பி ஊருக்கு வந்தால் மீன் கொடுத்த பெண்களும் என்னைத்தான் பிடிப்பார்கள். “எங்கட மீனை என்னடா செய்தனி?” என்று சந்தியில் வைத்துக் கேட்பார்கள். அவரைக் கேட்கமாட்டார்கள். கேட்டால் அவர் “ஓம், பிழைதான்” என்று சொல்லிவிடுவார், அதற்குமேல் அவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? திட்டு முழுவதும் எனக்கு. நான் சந்தியைத் தவிர்த்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு சின்ன ஒழுங்கைகளுக்குள்ளால் வீட்டுக்குப் போகப் பழகினேன்.

எங்கள் வீடு ஓலைத்தொடுவாயில் வீடு என்று சொல்லக்கூடியது அல்ல, ஊர் விளிம்பில் ஒரு கொட்டில். அப்பாவும் அம்மாவும் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். கலவரத்தில் அடிபட்டு வந்து வெள்ளாங்குளத்தில் காடு வெட்டிக் குடியிருந்தார்கள். நான் அங்கேதான் வளர்ந்தேன். பிறகு சண்டை அங்கேயும் வந்து, எங்களை மன்னார்த் தீவுக்குத் துரத்தியது. அதுவரை நான் கடலில் இறங்கியதில்லை. கரையில் வேலை கேட்டுப் போனபோது, “மண்வெட்டி பிடிச்ச கை வலைக்கு உதவாது” என்று எல்லோரும் சிரித்து அனுப்பினார்கள். கடைசியாக இவரிடம் போனேன்.

“மீன் வேலை தெரியுமோ தம்பி?”

“தெரியாதுங்க.”

“ஓம், நாளைக்கு வா.”

எனக்கு வேலை கிடைத்த கதை இவ்வளவுதான். ஐஸ் ஆலையில் நின்றவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கட்டியை எந்த இடத்தில் அடித்தால் சீராக உடையும், எந்த மீனுக்கு எவ்வளவு உடைக்க வேண்டும், உமிச் சாக்கை எங்கே வைத்தால் தண்ணீர் தேங்காது என்றெல்லாம் பழகினேன். கொஞ்ச நாளில் முதலாளியைவிட எனக்கு வேலை தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவரைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. அவர் ஆராய்ந்து பார்க்காமல் சொன்ன ஓம்களில் நானும் ஒன்று என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

அந்த லொறியில் மீன் மட்டும் போனதென்றால் பரவாயில்லை. கலியாண வீட்டுக் கதிரைகள் போகும். ஆட்டுக்குட்டி போகும். ஒரு முறை பக்கத்து ஊர்க் கோயிலில் இருந்து அந்தோனியார் சுரூபத்தைப் பூச்சுப் பூசக் கொண்டுபோகக் கேட்டார்கள். “ஓம், ஏத்துங்கோ.” மீன் பெட்டிகளுக்கு நடுவில் அந்தோனியார் கொழும்பு போய்வந்தார். திருநாளில் கொடி ஏறியபோது கோயில் முழுக்க நெத்தலி நாற்றம். சனம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பூசை கண்டது. பங்குச் சுவாமி நல்ல மனிதர். “அந்தோனியார் மீனுக்கே பிரசங்கம் வைச்சவர், அவர் ஒண்டும் குறை நினைக்கமாட்டார்” என்று சொல்லிச் சமாளித்தார். எல்லோரும் சிரித்தார்கள், முதலாளிதான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். நான் கடைசி வாங்குப் பலகையில் இருந்து, சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்தப் பிரேதம்.

நாங்கள் கொழும்பில் மீனை இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்பிக்கொண்டிருந்தோம். அனுராதபுரத்தில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில் ஒரு பெண் வந்து முதலாளியின் காலடியில் விழுந்தாள். மன்னார்க்காரி. புருசன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். பிரேதத்தை ஊருக்குக் கொண்டுபோக எந்த வாகனக்காரனும் மன்னார் றோட்டால் வரமாட்டேன் என்கிறான். அவள் சொல்லி முடிக்கவில்லை.

“ஓம், ஏத்துங்கோ.”

நான் அவரை ஒரு பக்கத்துக்கு இழுத்துப்போனேன். “முதலாளி, இது மீன் லொறி. ஆக்களுக்குத் தெரிஞ்சா ஒருத்தரும் மீன் ஏத்தமாட்டினம்.”

“ஓம் தம்பி, அதுவும் சரிதான்” என்றார். என்றுவிட்டுப் போய்ச் சவப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் தன் கையாலேயே தூக்கினார்.

அன்றைக்குப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அப்படியே விட்டிருந்தால் அமுங்கிப்போயிருக்கும். ஆனால் முதலாளிக்கு மனம் கேட்கவில்லை. சுவாமியைக் கொண்டு லொறியை மந்திரித்துவிட்டால் எல்லாம் சரி என்றார். “மந்திரியுங்கோ, ஆனா விடியவெள்ளனச் சத்தமில்லாமல் செய்யுங்கோ” என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். “ஓம்” என்றார். இடையில் கோயில் மூப்பர் வந்து ஞாயிறு பூசை முடியச் செய்தால் சுவாமிக்கு வசதி என்றிருக்கிறார். அவருக்கும் “ஓம்”. ஞாயிற்றுக்கிழமை லொறியைக் கழுவி, பூமாலையும் போட்டு, கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பூசை முடிவில் அறிவித்தல் வாசித்தார்கள்: பிரேதம் ஏற்றிய வாகனம் மந்திரிக்கப்படும், எல்லோரும் நின்று செபித்துப் போகவும். ஐயோ! தெரியாதவர்களுக்கும் தெரியவைத்த புத்தியை என்னவென்று சொல்வது? சுவாமி தீர்த்தம் தெளித்தார், ஊரே சுற்றி நின்று பார்த்தது. அவர் சின்னப் பிள்ளை போலக் கைகூப்பி நின்றார்.

திங்கட்கிழமை கரையில் ஒரு பெட்டிகூட ஏறவில்லை. “மந்திரிச்சது சரி, ஆனா பிரேதம் ஏறினது ஏறினதுதானே” என்றார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? நாலு நாள் போக ஒன்றிரண்டு பேர் இரங்கி வந்தார்கள். ஆனால் அதற்குள் வேறு இடங்களில் இருந்தும் செத்த வீட்டுக்காரர் தேடி வரத் தொடங்கிவிட்டார்கள். ஓம் முதலாளியிடம் கேட்டால் வருவார் என்று கதை பரவியிருந்தது. அவர் எல்லோருக்கும் ஓம் சொன்னார்.

எனக்கு அந்த லொறியில் ஏறி இருக்கவே கூச்சமாக இருந்தது. சந்தியில் நிற்கிற பெடியள் என்னைக் கண்டால் நெற்றியில் சிலுவை போட்டுக் காட்டுவார்கள். “பேயோட்டி வாறான்” என்பார்கள். அந்தக் காலத்தில் கரையில் இன்னொரு முதலாளி இரண்டு லொறி ஓட்டினார். நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார், லொறி நிறைந்தால் “இல்லை, நாளைக்குப் பாப்பம்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுவார். அவருடைய மீன் மினுமினுவென்று கொழும்பு போகும். ஐஸ் வேலை தெரிந்த ஆள் தேவை என்று அவர் சொல்லியனுப்பினார்.

நான் எங்கள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். தனியாகச் சொல்லியிருக்கலாம். மீன் இறங்குகிற நேரம், கரை நிறையச் சனம்.

“முதலாளி, நான் வேலையால நிக்கப் போறன்.”

“ஓம் தம்பி.”

அந்த ஓம்தான் எனக்குள் எதையோ பற்றவைத்தது. “ஏனெண்டு கேக்கமாட்டியளோ?” என்று கத்தினேன். “மீன் ஏத்துற லொறியில பிணம் ஏத்தினா ஆர் நாளைக்கு மீன் தருவினம்? பெயர் கெட்டா யாவாரம் போச்சு. ஒராளுக்கு இல்லையெண்டு சொல்லத் தெரியாத உங்களுக்கு என்னத்துக்கு லொறி?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “ஓம், அது உண்மைதான்” என்றார். பிறகு லொறிக்குள் எட்டி, ஐஸ் உடைக்கிற சுத்தியலை எடுத்து நீட்டினார். “இதை நீயே கொண்டுபோ தம்பி. உன்ர கைக்குப் பழகினது.” நான் அதை வாங்கி லொறிக்குள்ளேயே திரும்ப எறிந்துவிட்டு நடந்தேன். அது தகரத்தில் பட்டுக் கணீரென்று கேட்டது.

புது இடத்தில் எனக்கு மரியாதை வந்தது. கொழும்பில் யாரும் செவுளை விரித்துக் காட்டவில்லை. ஒழுங்கைக்குள்ளால் போக வேண்டிய தேவையில்லை. வழியில் பழைய லொறி எதிர்ப்பட்டால் மட்டும் நான் குனிந்து செருப்பைப் பார்ப்பேன். அவர் ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டுவார்.

அப்படியிருக்க, அப்பாவுக்கு வயிற்றில் வருத்தம் முற்றி, மன்னாரில் இருந்து அனுராதபுரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் கூடப் போனேன். தீவை விட்டு வெளியே போக அம்மாவுக்கு ஆமி பாஸ் கொடுக்கவில்லை. ஒரு விடியற்காலை அப்பா போய்விட்டார். ஊரில் தொலைபேசி இருந்த கடைக்கு எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா அழவில்லை. “அப்பா மொகத்த ஒரு தடவ காட்டிருடா. வேற ஒன்னும் வேணாம்” என்றாள்.

புது முதலாளியின் லொறி அன்று கொழும்பில் இருந்து அந்த வழியால்தான் வெறுமனே திரும்பும். அதை நம்பிக் கையெழுத்து வைத்து உடலை எடுத்து, சவப்பெட்டியும் வாங்கி, அந்தக் கடை விறாந்தையிலேயே வைத்துவிட்டேன். பிறகுதான் புது முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“இல்லைத் தம்பி” என்றார். குரலில் ஒரு கடுமையும் இல்லை. “குறை நினையாதை. மீன் ஏத்துற லொறியில பிணம் ஏத்தினா ஆர் நாளைக்கு மீன் தருவினம்? பெயர் கெட்டா யாவாரம் போச்சு. உனக்குத் தெரியாததோ?”

எனக்குத் தெரியாததா! நான் கரையில் நின்று கத்தியது ஊர் முழுக்கப் பரவி, அவர் வாயில் போய் இருந்து, திரும்பி என் காதுக்கே வந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. காது மடல் இரண்டும் எரிந்தன. வெளியே விறாந்தையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வான்காரரிடம் கேட்டேன். மன்னார் என்றதும் தலையை ஆட்டிவிட்டார்கள். இருட்டுக்கு முன் தீவுக்குப் போகிற பாலத்தடிச் சென்றியைத் தாண்டாவிட்டால் றோட்டு மூடிவிடும். அந்த வெயிலில் அடுத்த நாள் வரை வைத்திருந்தால் முகம் எப்படி இருக்கும் என்று மீன் வேலை செய்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரும்ப ஊர்க் கடைக்கே தொலைபேசி எடுத்தேன். ஓம் முதலாளி பக்கத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறார் என்றார்கள்.

“ஆர், தம்பியோ? ஓம், சொல்லு.”

“முதலாளி, அப்பா...”

“ஓம், வாறன்” என்றார். வைத்துவிட்டார்.

எந்த ஊர் என்று கேட்கவில்லை, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை. நான் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவருடைய ஓம் எவ்வளவு தாங்கும் என்பது எனக்குத் தெரியாதா? மதியம் வந்தது. அவர் வரவில்லை. சவப்பெட்டிக் கடைக்காரர் ஒரு ஈரச் சாக்கைத் தந்தார், பெட்டிமேல் போட்டேன். மனதுக்குள் அவரைத் திட்டினேன், பிறகு என்னைத் திட்டினேன், பிறகு திரும்பவும் அவரை.

வெயில் சரியத் தொடங்கியபோது லொறி வந்தது. பின்பக்கத்தால் தண்ணீர் தாரை தாரையாக ஊற்றிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு பெண் கோழியோடும், ஒரு கிழவர் பனங்கிழங்குக் கட்டோடும் இருந்தார்கள்.

“வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போயிற்றன் தம்பி” என்றார் அவர், இறங்கியபடியே. “அங்கதான் எண்டு நினைச்சிட்டன். பிறகு இங்கத்தை ஆஸ்பத்திரியில விசாரிச்சு வந்தன். வவுனியாவில இவையள் நிண்டவை. மன்னாருக்குப் பஸ் இல்லையாம், பாவம்.”

உள்ளே எட்டிப் பார்த்தேன். தளம் முழுக்க ஐஸ் கட்டி. பாதி கரைந்தும் இன்னும் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது.

“முதலாளி, ஐஸை இங்க வாங்கியிருக்கலாமே? ஏன் மன்னாரில இருந்து சுமந்து வந்தனீங்கள்?”

அவர் நெற்றியில் தட்டினார். “அட, ஓம் என்ன!”

பெட்டியை ஏற்றினோம். அவர் பெரிய கட்டி ஒன்றைத் தூக்கிப் பெட்டியின் மூடிமேல் வைக்கப் போனார். மேலே வைத்தால் தண்ணீர் மூடிக்குள்ளால் இறங்கி முகத்தில் விழும். “விடுங்கோ, முதலாளி” என்றேன். மூலையில் சுத்தியல் கிடந்தது, நான் எறிந்த இடத்திலேயே. அதை எடுத்துக் கட்டிகளை உடைத்தேன். உமிச் சாக்கை அடியில் போட்டு, பக்கங்களில் சின்னதாக உடைத்துச் செருகி, தலைமாட்டில் கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். அவர் ஒவ்வொரு கட்டியாக எடுத்து என் கையில் தந்துகொண்டு நின்றார், புதிதாக வேலைக்கு வந்தவரைப் போல. இந்தக் கையால் எத்தனையோ பெட்டி கும்பிளாவுக்கு ஐஸ் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அப்பாவுக்குப் போட்டேன்.

வழியில் கோழிக்காரி, கேட்காமலே செபமாலையை எடுத்தாள். எங்கள் அப்பா முருகனைக் கும்பிட்டவர் என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஒவ்வொரு சென்றியிலும் முதலாளி இறங்கி ஆமிக்காரனோடு, அவருக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ஊர்க்கதை கதைத்தார். இருட்டுவதற்குள் பாலத்தைத் தாண்ட வேண்டுமே என்று எனக்கு எரிச்சல் வந்தது. பாலத்தடியில் ஒரு ஆமிக்காரன், அவருடைய கதையைக் கேட்டுக்கொண்டே லொறிக்குள் ஏறி, மூடியை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். பெட்டியை இறக்கச் சொல்லாமலே விட்டுவிட்டான். எங்களுக்குப் பின்னால் தடியைப் போட்டு றோட்டை மூடினார்கள்.

அம்மா கொட்டில் வாசலில் நின்றாள். பெட்டியைத் திறந்ததும் குனிந்து, அப்பாவின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள். “தூங்குறாப்புலயே இருக்காருடா” என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

அடுத்த நாள் அடக்கம் முடியும்வரை அவர் லொறியோடு பெருக்க மரத்தடியில் நின்றார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவுமில்லை. நான் அவரிடம் போனேன்.

“தம்பி, ஐஸ் காணுமாய் இருந்ததோ?” என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

“காணுமாய் இருந்தது, முதலாளி.”

அவரிடம் வேலை செய்த காலம் முழுவதும் நான் அவருக்கு ஒரு நாளும் சொல்லாத சொல். அவருடைய முகம் விரிந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அந்த வேகத்தில் கேட்டுவிட்டேன்:

“முதலாளி, நான் திரும்பி வேலைக்கு வரட்டோ?”

கேட்ட வாய் மூடுமுன்னே பயம் வந்தது. இவரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது ஊருக்கே தெரியும். சந்திப் பெடியள், செவுள், ஒழுங்கை, எல்லாம் ஒரு கணத்தில் கண்ணுக்கு முன் வந்தன. அவர் லொறியைப் பார்த்தார், கன்னத்தைத் தடவினார், பிறகு என்னைப் பார்த்தார்.

“வேண்டாம் தம்பி” என்றார். “நீ அங்கயே நில். அந்தாளுக்கு யாவாரம் தெரியும். அம்மாவைப் பார்.”

அவர் வாயால் அந்தச் சொல்லை வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்டதும் என் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. மறைக்க நினைத்தேன், முடியவில்லை. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.